கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு வயதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்த 'கொலம்போ' துப்பறியும் தொடரின் டிவிடி தொகுப்பை அண்மையில் வாங்கினேன். ஆசையோடு என் பதினாறு வயது மகனையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். கால் மணி நேரத்தில், "கொலைகாரன் யாரென்று முதலிலேயே காட்டிவிட்டார்கள். இனி பார்க்க என்ன இருக்கிறது?" என்று எழுந்துவிட்டான். அவனைப் பிடித்துவைப்பதற்காக நடுப்பகுதியைத் தாண்டி, நான்கைந்து கதைகளின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் போட்டுக்காட்டினேன். அதுவும் எடுபடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே மெதுவாகத்தான் தெரிகிறது. திரையின் இருபுறமும் கருப்புப் பட்டை வேறு. 1989 முதல் வந்த இரண்டாம் சுற்றுக் கதைகளையும் வாங்கலாமா, வேண்டாமா? உங்கள் கருத்து தேவை.

உங்கள் நெடுநாள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அதே தொடரின் ஒரு கதையைப் பார்த்து முடித்துவிட்டு, தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

கருப்புப் பட்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத் தொலைக்காட்சிப் பெட்டிக்காக 4:3 அளவில் எடுத்த படம் அது. பட்டையை விரட்டுவதாக நினைத்து இழுத்து அகலமாக்கினால் ஆட்களெல்லாம் பருத்துவிடுவார்கள். இரண்டாம் சுற்று பற்றிப் பிறகு பார்ப்போம்.

நடுப்பகுதியைத் தாண்டி முடிவை மட்டும் காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் தணியவில்லை. ஒரு கதையில் செய்தாலே தவறு, நீங்கள் நான்கைந்து கதைகளில் செய்திருக்கிறீர்கள். பையன் எழுந்துபோனதில் என்ன வியப்பு? யாரென்றே தெரியாத ஒருவர், யாரென்றே தெரியாத இன்னொருவரைக் கைது செய்வதை அவன் ஏன் பார்க்க வேண்டும்?

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் ரிமோட்டை எடுத்ததுதான் உங்கள் பிழை. கொலையை முதலில் காட்டிவிட்டுத் துப்பறிதலைப் பிறகு சொல்லும் முறை இந்தத் தொடரோடு பிறந்ததல்ல. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃபிரீமன் 1912இலேயே அப்படிக் கதைகள் எழுதிப் புத்தகமாக்கிவிட்டார். இந்தத் தொடரை உருவாக்கிய எழுத்தாளர்கள் ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். துப்பறியும் அதிகாரி கொலம்போவின் வேடத்தை நடிகர் பீட்டர் ஃபாக் 1968இல் முதன்முதலாக ஏற்றார். 1971இல் வாடிக்கையான தொடர் ஆனது. 2003 வரை மொத்தம் 69 கதைகள். அத்தனையிலும் ஃபாக்தான். அந்தக் கசங்கிய மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. மூன்று வயதில் புற்றுநோயால் வலக்கண்ணை இழந்தவர். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் எதிராளியை அவர் பார்க்கும் பார்வையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

யார் செய்தது என்பதை மறைத்துவைக்கும் கதையில் மறைத்ததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குறைவு. இரண்டாம் முறை பார்க்கும்போது எழுதியவரின் சாமர்த்தியம்தான் கண்ணில் படும். கொலம்போவில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. வந்த சற்று நேரத்தில் அவருக்கும் தெரிந்துவிடுகிறது, நமக்கு முன்பே தெரியும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னதான் நடக்கிறது? குற்றவாளி என்று தனக்குத் தெரிந்துவிட்ட ஒரு மனிதரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார் என்பது நடக்கிறது. தொடரே அதுதான். நீங்கள் பொத்தானை அழுத்தித் தாண்டியது அதைத்தான்.

என் அப்பா தணிக்கையாளர். நாள் முழுவதும் பேரேடும் வவுச்சருமாக இருந்தவர். வெளிநாட்டில் இருந்த சித்தப்பா தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில்தான் நாங்கள் கொலம்போவைப் பார்த்தோம். அப்பா வேறு எந்தத் தொடரையும் பார்க்கமாட்டார். இதற்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "இவருக்கு முதல் நாளே தெரியும். மீதியெல்லாம் வவுச்சர் தேடுவது" என்பார். வாசல்வரை போன கொலம்போ திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் ஐயா என்று தொடங்கும்போது அப்பாவின் முகம் மலரும். (காட்சியை முடித்து ஆளை வெளியே அனுப்பிவிட்ட பிறகு இன்னொரு கேள்வி பாக்கியிருந்ததாம். பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய அலுத்துப்போய் லெவின்சனும் லிங்க்கும் அவரைத் திரும்பி வரவைத்தார்களாம். அப்படிப் பிறந்த வழக்கம் அது.)

அப்பா ஏன் அதை அப்படி ரசித்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அவருடைய அலுவலகத்தில் ஒருவர் கையாடல் செய்திருந்தார். ஒரு வவுச்சரில் 1 என்ற எண் 7 ஆகியிருந்தது. மேலே இழுத்த சிறு கோடு மட்டும் ஒரு இம்மி கறுப்பாக இருந்ததை அப்பா பார்த்துவிட்டார். அன்றே அவருக்குத் தெரியும். ஆனால் அடிக்கட்டை கிடைக்கவில்லை. தொகையை, விவரம் தெரியும்வரை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் நிறுத்திவிட்டு ஆறு வாரம் தேடினார். அந்த ஆறு வாரமும் அந்த மனிதர் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு மாலை அப்பாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார். அவருடைய மனைவியின் உடல்நிலை பற்றி அப்பா நெடுநேரம் விசாரித்தார், ஒரு மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். எல்லாம் வெளிப்பட்ட பிறகு நான் கேட்டேன்: "தெரிந்துகொண்டே எப்படி அப்பா அவரோடு அப்படிப் பேசினீர்கள்? நடிப்புதானே?" அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கணக்கில்தான் தப்பு. அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாதது உண்மைதானே" என்றார்.

அறிக்கை கொடுத்த அன்று அப்பா வீடு திரும்ப இருட்டிவிட்டது. அந்த மனிதரின் கை நடுங்கியதால், அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வீடுவரை கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இனி நான் அன்று பார்த்த கதைக்கு வருகிறேன். 1973இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்'. டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த கார்சினி ஒயின் தயாரிப்பவர். ஒயினைத் தவிர உலகில் வேறெதையும் நேசிக்கத் தெரியாதவர். நிலத்தை விற்கப்போவதாகச் சொன்ன தம்பியை அடித்துக் கட்டி, ஒயின் நிலவறையில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, மூச்சுத் திணறிச் சாகும்படி விட்டுப்போகிறார். பிறகு கடலில் மூழ்கி இறந்ததுபோல் ஜோடிக்கிறார். மழை பெய்திருக்கிறது, ஆனால் கடற்கரையில் நின்ற தம்பியின் காரில் ஒரு துளிக் கறை இல்லை. கொலம்போவை உறுத்துவது இதுதான். ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாத அவர் ஒரு கடைக்காரரிடம் போய் மாணவனைப்போல் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். கார்சினியிடமும் கற்றுக்கொள்கிறார். பொறி வைப்பதற்காகத்தான். ஆனாலும் கார்சினி ஒயினைப் பற்றிப் பேசும்போது கொலம்போவின் முகத்தைப் பாருங்கள், அந்த ஆர்வத்தில் பொய் இல்லை. சந்தேகப்படுவதும் மதிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விருந்தில் பரிமாறப்பட்ட ஒயின் வெப்பத்தால் கெட்டுவிட்டது என்று கார்சினி கொதித்தெழுகிறாரே, அந்த நாக்கின் நுட்பமே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. புட்டி, குளிர்சாதனத்தை அவரே நிறுத்திவைத்த அவருடைய நிலவறையிலிருந்தே வந்தது. நடுவில் இருக்கும் அந்தப் பாடங்களைப் பார்க்காதவனுக்கு, குடிக்கும் பண்டம் கெட்டுப்போனதற்கு ஒருவர் கத்துகிறார் என்பதைத் தவிர அங்கே என்ன தெரியும்? உங்கள் மகனுக்கு நீங்கள் காட்டியது அதைத்தான்.

எங்கள் கேசட்டில் இந்தக் கதை இரண்டாவதாகப் பதிவாகியிருந்தது. கெட்டுப்போன ஒயின் புட்டிகளைக் கார்சினி பாறை உச்சியிலிருந்து கடலில் வீசிக்கொண்டிருப்பார், கொலம்போ வந்து நிற்பார். அந்த இடத்தில் நாடா தீர்ந்துவிடும். திரையில் வெறும் புள்ளிகள். எத்தனையோ முறை அங்கேயே நிறுத்தினோம். "கைது செய்திருப்பார், வேறென்ன" என்று அப்பா எழுந்துவிடுவார். அவர் கடைசிவரை அதற்கு அப்பால் பார்க்கவில்லை.

முதல் தொகுதி டிவிடி அமெரிக்காவில் 2004இல் வந்தது. இந்தக் கதை அடங்கிய தொகுதி என் கைக்கு வந்தது அப்பா போய்ச் சில ஆண்டுகள் கழித்து. நாடா தீர்ந்த இடத்துக்கு அப்பால், கொலம்போ கார்சினியைத் தன் ஓட்டைப் பெஜோ காரில் அழைத்துப்போகிறார். வழியில் கார்சினியின் ஒயின் கூடம் வருகிறது. அங்கே காரை நிறுத்தி, ஒரு புட்டியையும் கோப்பைகளையும் எடுத்து, இருவருக்கும் ஊற்றுகிறார். தேர்ந்தெடுத்த ஒயின் சரியான ஒயின். நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கார்சினி சொல்கிறார். கொலைகாரர் தந்த அந்தச் சான்றிதழைக் கொலம்போ மனதார வாங்கிக்கொள்கிறார். காருக்குள் இரண்டு பேர், இரண்டு கோப்பைகள், வெளியே இருட்டு. நான் முதலில் பார்த்தபோது அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவரை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. விளம்பரங்களோடு ஒன்றரை மணி நேரத்தையோ இரண்டு மணி நேரத்தையோ நிரப்ப வேண்டிய தொடர், சில கதைகளில் வேண்டாத நீளம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மனிதர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருப்பதை மெதுவென்று சொல்லாதீர்கள். உங்கள் வயதுக்கு அது அழகல்ல.

இரண்டாம் சுற்று 24 கதைகள். பல தளர்ந்தவை. 1990இல் பேட்ரிக் மெக்கூஹன் நடித்து இயக்கிய 'அஜெண்டா ஃபார் மர்டர்' நன்றாக இருக்கும். இப்போதைக்கு வாங்க வேண்டாம், கையில் இருப்பதை முழுதாகப் பாருங்கள்.

பையனை அதட்டாதீர்கள். நான் சொன்ன கதையை முதலிலிருந்து போடுங்கள். கொலைகாரர் இவர்தான் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ரிமோட்டை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கார் நிற்கும் இடம் வரும்போது அவன் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள், எதுவும் கேட்காதீர்கள். மறுநாளோ அடுத்த வாரமோ அவனாக அதைப் பற்றி ஏதாவது பேசினால், என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்