தும்மலுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது?

கேள்வி: கீழக்கரையில் ஊர் எல்லையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது, கொல்லைச் சுவருக்கு அப்பால் முழுவதும் சீமைக்கருவேலங்காடு. என் கணவருக்கு வயது 41. காலையில் எழுந்தவுடன் பத்துப் பன்னிரண்டு தும்மல் வரிசையாக வருகிறது. மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது. கண்ணும் அண்ணமும் அரிக்கின்றன. காய்ச்சல் இல்லை. கடையில் கொடுத்த மூக்குச் சொட்டு மருந்தை நான்கு மாதமாகப் போட்டு வருகிறார். இப்போது அது இல்லாவிட்டால் இரவில் மூக்கு அடைத்துத் தூக்கமே இல்லை. 14,000 ரூபாயில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம் என்கிறான் மகன். வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: சுத்திகரிப்பானைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்று இருந்தால், உங்கள் கணவரின் இரவுநேர அடைப்புக்கு அந்தக் குப்பியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை மூக்கின் உள்ளே வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் அடங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கத் தொடங்கும். அதைத் திறக்க மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு என்று அது முடியாமல் தொடரும். நான்கு மாதப் பழக்கத்தைத் தாமாக நிறுத்த முயன்று பலர் இரண்டாம் இரவே தோற்றுவிடுகிறார்கள். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குப்பியையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். வேறு வகை ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டு, சொட்டை ஒரு துவாரத்தில் முதலில் நிறுத்தி, பிறகு மற்றதிலும் நிறுத்தச் சொல்வது வழக்கம். 2022 முதல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருப்பதால், இதற்காக மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் விவரித்திருப்பது ஆங்கிலத்தில் 'ஹே ஃபீவர்' எனப்படும் ஒவ்வாமையின் அடையாளங்கள்தாம். ஹே என்றால் வைக்கோல், ஃபீவர் என்றால் காய்ச்சல்; இந்த நோயில் காய்ச்சலும் கிடையாது, வைக்கோலும் காரணமில்லை. ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் கோடையில் தமக்கே வந்த தொல்லையை 1819-இல் எழுதிவைத்தார். மகரந்தமே காரணம் என்பதை சார்லஸ் பிளாக்லி தம்மேலேயே சோதித்து 1873-இல் வெளியிட்டார். சீமைக்கருவேல மகரந்தம் ஒவ்வாமை தரக்கூடியது என்பது அறியப்பட்டதே. எனினும் கொல்லைக் காட்டின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட வேண்டாம். கடலோரத்தின் ஈரக்காற்றில் தலையணையிலும் மெத்தையிலும் தூசுப்பூச்சிகள் ஆண்டு முழுவதும் செழிக்கும். சன்னல்கள் மூடிய அறையில், படுக்கையைவிட்டு எழுவதற்கு முன்பே தும்மல் தொடங்குகிறதா, அல்லது கச்சான் காற்று நிலப்பக்கமிருந்து வீசும் நாள்களில் வெளியே போய் வந்த பிறகு கூடுகிறதா என்று இரண்டு வாரம் நாள்காட்டியில் குறித்து வாருங்கள். கடலிலிருந்து வரும் காற்றில் மகரந்தம் குறைவு என்பதால், இந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும். பல ஆயிரம் ரூபாய் 'அலர்ஜி பேக்கேஜ்' இரத்தப் பரிசோதனையை அவர் சொல்லாமல் நீங்களாக எடுக்க வேண்டாம்.

மருந்துகளைப் பொறுத்தவரை, விலை உயர்ந்ததே நல்லது என்று எண்ண இங்கே இடமில்லை. தும்மல், அரிப்பு, நீர்வடிதல் ஆகியவற்றுக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் அல்லது ஃபெக்சோஃபெனடின் போன்ற மாத்திரைகளை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்டுபவர்களும் படகில் போகிறவர்களும் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஃபெக்சோஃபெனடினில் தூக்கக் கலக்கம் குறைவு, ஆனால் பழச்சாற்றோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீரே போதும். மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகிய ஸ்பிரேக்கள் சிறந்தவை. இவை அன்றே பலன் தருவதில்லை, முழுப் பயன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். 'இரண்டு நாள் அடித்தேன், பிரயோசனமில்லை' என்று பரணில் கிடக்கும் ஸ்பிரேக்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும் அடித்தால் முனை மூக்கின் நடுத்தண்டை விட்டு வெளிப்பக்கம் நோக்கும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டிருந்தால் இரத்தம் கசியும். மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையைக் கடைக்காரர் தாமாக எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்ற விளைவுகளுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மிக மலிவான வழி. கால் லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அயோடின் சேராத தூய உப்பு போதும். தண்ணீர் குழாய்நீரானாலும் கேன்நீரானாலும் நன்கு கொதித்து ஆறியிருக்க வேண்டும். மூக்கு வழியாக மூளையைத் தாக்கும் அமீபா நோயைக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பார்த்தோம். உப்பளத்திலிருந்து மூட்டையாக வந்த கல்லுப்பு மீனுக்கு உகந்தது, மூக்குக்கு அன்று.

இனிச் சுத்திகரிப்பான். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட, கருவியின் தூய காற்று அளவு (பெட்டியில் CADR என்றிருக்கும்) மணிக்கு 170 கன மீட்டராவது இருக்க வேண்டும். பெட்டியில் அந்த எண் இல்லையென்றால் வாங்க வேண்டாம். '0.3 மைக்ரான் துகளையும் பிடிக்கும்' என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் மகரந்தம் அதைவிடப் பல மடங்கு பெரியது. விரைவில் தரையிலும் விரிப்பிலும் படிந்துவிடும், படிந்ததைக் கருவி இழுக்காது. வடிகட்டியை மாற்றும் ஆண்டுச் செலவையும் கேளுங்கள். ஓசோன் வெளியிடும் வகை மூச்சுக்குழாயை உறுத்தும், கூடவே கூடாது. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் முடிவு, இந்த ஆண்டு வேண்டாம் என்பதே. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு மெத்தைக்கும் தலையணைக்கும் முழுதாக மூடும் உறை வாங்கி, விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, கச்சான் நாள்களில் அவற்றைக் கொல்லைக் கொடியில் போடாமல் உள்ளே உலர்த்துங்கள். வெளியே போய் வந்ததும் உங்கள் கணவர் தலைக்குக் குளிப்பது நல்லது.

கேள்வி: 'ஒரே மண்டலத்தில் தும்மல் நிரந்தரமாக ஒழியும்' என்ற விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்து 3,600 ரூபாய்க்குச் சூரணம் வாங்கினேன். முதல் வாரம் அற்புதமாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடி. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், மண்டபம்

பதில்: 'அற்புதமாக இருந்தது' என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பது புதிதன்று. பொட்டலத்தில் உற்பத்தி உரிமம் எண், தொகுதி எண், சேர்மானங்கள், காலாவதி நாள் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு சாப்பிடாதீர்கள், பல வாரம் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மிச்சத்தை எறிந்துவிடாமல் பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் கொடுக்க அதுவே சான்று.

பணத்துக்கு முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பலன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. விளம்பரத்தின் திரைப்பதிவும் பணம் செலுத்திய விவரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதால், அதற்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்கும் தும்மலும் நீர்வடிதலும் இருக்கின்றன. பெரிய பேரனுக்கு வாங்கிய சளி சிரப் பாதி இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கொடுக்க வேண்டாம். பல சளி சிரப்புகளில் உள்ள மருந்துகளான குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று குப்பியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. உங்கள் குப்பி அதற்கு முந்தையதாக இருந்தால் அந்த எச்சரிக்கை அதில் இருக்காது. பேத்தியைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இழுப்போ இரவு இருமலோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றே.