எது உண்மையான நிறம்?

அன்புள்ள அக்கா,

கொளத்தூரில் இருக்கிறேன். இங்குள்ள கலர் மீன் கடைகளைப் பார்த்தே வளர்ந்தவன். ஒன்றரை வருடமாக வீட்டில் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி நீமோ, கொஞ்சம் ஜோவா பவளம். ராத்திரி நீல லைட்டில் அந்த ஜோவா பச்சையும் ஆரஞ்சுமாகத் தகதகக்கும். போனில் எடுத்தால் படம் முழுக்க நீலம். ஒரு படத்தைச் சரிசெய்து நண்பர்களுக்கு அனுப்பினேன். டைவிங் போகும் ஒருவர், "இது பொய் கலர், நிஜப் பவளம் பழுப்பாத்தான் இருக்கும்" என்றார். மன்னார் வளைகுடாவில் நீங்கள் எடுத்த படங்களும் பழுப்பாகத்தான் இருக்கின்றன. எது உண்மையான நிறம்? காசு சேர்த்துத் தண்ணீருக்குள் போகும் கேமரா வாங்கலாமா? நம் காசிமேடு பக்கம் பவளம் உண்டா?

க., கொளத்தூர்

அன்புள்ள தம்பி,

அந்தமானில் முதல் தடவை 15 மீட்டர் ஆழம் இறங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். திருவொற்றியூர் கோயிலில் அம்மா என் மணிக்கட்டில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு, கீழே போகப் போக மங்கி, கடைசியில் சாம்பல் கலந்த கறுப்பாகிவிட்டது. டார்ச்சை அதன் மேல் அடித்தேன். குங்குமச் சிவப்பு! டார்ச்சை எடுத்தால் மறுபடி கறுப்பு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். நாலைந்து மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். ஆழத்தில் எடுத்த கடலடிப் படங்களில் நீங்கள் பார்க்கும் சிவப்பு பெரும்பாலும் ஃப்ளாஷ் கொண்டுபோன சிவப்பு. அந்த ஆழத்தில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லையே.

உங்கள் தொட்டியில் தெரிவதும் பொய் இல்லை. ஜோவாவின் சதையில் இருக்கும் ஒருவகைப் புரதம் நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பித் தருகிறது. கடலில் இருக்கும் பல பவளங்களிலும் இந்தப் புரதம் உண்டு. ராத்திரி டைவில் நீல டார்ச் அடித்து, முகக் கண்ணாடிக்கு மேல் மஞ்சள் ஃபில்டர் மாட்டிக்கொண்டு பார்த்தால் கடலிலும் அதே தகதகப்புத்தான். உங்கள் நண்பர் பகலில் மட்டும் இறங்கியிருப்பார்.

ஆனால் பழுப்பைப் பற்றி அவர் சொன்னது சரி, தம்பி. அந்தப் பழுப்பை மட்டமாக நினைக்காதீர்கள். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுப்பது அதுதான். அதன் நிறம்தான் பழுப்பு. தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் வெளுத்தது. அப்போது எடுத்த படங்களை ஒரு கூட்டத்தில் காட்டினேன். எலும்பு மாதிரி வெளுத்த மான்கொம்புப் பவளத்தின் படத்தைத்தான் நிறைய பேர் "எவ்ளோ அழகு" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பழுப்புப் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதில்தான் அந்தப் பாசி உயிரோடு இருந்தது.

அதனால் எந்த ஒளியில் எடுத்தது என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். தொட்டியில் எடுத்தால் தொட்டி என்றே எழுதுங்கள். அதைக் கடல் என்று காட்டுவதுதான் பொய்.

சரி, கேமரா. இப்போது வேண்டாம். கடலில் ஒரு பாலிப்பை, அதாவது பவளக் கூட்டத்தின் ஒரு குட்டி உயிரை, நான் பத்து நிமிடம் பார்த்தாலே பெரிது, அதற்குள் காற்று தீர்ந்துகொண்டே வரும். நீங்கள் ஒரே பாலிப்பை நூறு நாள் பார்க்கலாம். படம் முழுக்க நீலமாவதற்குக் காரணம், அவ்வளவு நீலத்தைச் சமாளிக்கும்படி போனின் வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ்) அமைக்கப்படவில்லை. லென்ஸ் முன்னால் ஒரு ஆரஞ்சு ஃபில்டர் வையுங்கள், பாதி சரியாகிவிடும். பழுப்பையும் பார்க்க ஆசை இருந்தால் வெள்ளை லைட்டைக் கூட்டி இன்னொரு படம் எடுங்கள். கோடு கோடாக விழுந்தால் அது எல்இடி துடிப்பது, ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் போய்விடும். அறை விளக்கை அணைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, போனைக் கண்ணாடியில் நேராக ஒட்டிப் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணாடி உருவத்தை இழுத்துவிடும். மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். தூசி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மோட்டார் நின்ற அதிர்ச்சியில் ஜோவா சுருங்கியிருந்தாலும், சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தின் ஓரத்தில் கண்ணிமை மாதிரி விளிம்பு மெல்ல விரியும். அந்த நேரம்தான் படம்.

ஒரு எச்சரிக்கை. படத்துக்காக ஜோவாவை இடம் மாற்றுவதாக இருந்தால் கையுறை போடுங்கள். சில வகைகளில் கடுமையான விஷம் உண்டு. அப்புறம், யாராவது "ராமேஸ்வரம் பக்கத்துக் கல்பவளம்" என்று விற்க வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். 2001 முதல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டை எடுப்பதும் குற்றம்தான்.

காசிமேட்டில் மன்னார் வளைகுடா மாதிரி பவளத்திட்டு கிடையாது. கூவமும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து தள்ளும் வண்டலில் தண்ணீர் கலங்கியே கிடக்கும். வெளிச்சம் கீழே போகாவிட்டால் அந்தப் பாசி பிழைக்காது. ஆனால் திருவொற்றியூரில் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கல்லெல்லாம் கொட்டலசு, கல்லில் ஒட்டியே வாழும் கூரான ஓடுள்ள சின்ன உயிர். காலைக் கிழித்துவிடும் என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். கடல் உள்வாங்கியிருக்கும் காலையில், கல்லிடுக்கில் தேங்கிய தண்ணீரில் ஒன்றைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூடி திறக்கும். உள்ளிருந்து இறகு மாதிரி கால்கள் நீண்டு தண்ணீரை வாரி, சட்டென்று உள்ளே போகும். போனிலேயே எடுக்கலாம். தடித்த செருப்பு போட்டுப் போங்கள். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா