ரைஸ் மில்லுக்கு 200 பக்க பாதுகாப்பு ஃபைல் எதற்கு?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கிறேன். லோடுமேன்களையும் சேர்த்து 34 பேர், பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். போன மாதம் ஒரு பையனுக்கு நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் விரல் நசுங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு ஒரு கன்சல்டன்ட் வந்தார். 200 பக்க பாதுகாப்பு மேனுவல், ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ், மாதா மாதம் ஆடிட், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் என்கிறார். இல்லாவிட்டால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் மில்லைப் பூட்டிவிடுவாராம். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். எளிமையாக எதைச் செய்தால் போதும்?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த ஐஎஸ்ஓ. 2018-இல் வந்த வேலையிடப் பாதுகாப்புத் தரநிலை அது, நல்ல தரநிலைதான், ஆனால் விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்வது, எந்தச் சட்டமும் உங்களை எடுக்கச் சொல்லவில்லை. சான்றிதழை ஐஎஸ்ஓ அமைப்பு தருவதும் இல்லை, வேறு நிறுவனங்கள் தணிக்கை செய்து தருகின்றன, அதில் மில் வாசலையே மிதிக்காமல் கூரியரில் அனுப்புகிறவர்களும் உண்டு. பாதுகாப்பு அதிகாரி போட வேண்டும் என்று அடுத்து சொல்வார் பாருங்கள், பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் அது 1000 பேருக்கு, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 500 பேருக்கு, உங்களிடம் இருப்பது 34. அதற்காகச் சட்டமே உங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கரண்டில் ஓடும் மில்லுக்குப் பழைய கணக்கில் 10 பேர், புதிய கணக்கில் 20 பேர், எப்படிப் பார்த்தாலும் நீங்கள் உள்ளேதான்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இஎஸ்ஐ-யில் அவன் பெயர் இருக்கிறதா? விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் இஎஸ்ஐ-க்குத் தகவல் போயிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத அடி என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலைக் காயத்துக்கு இஎஸ்ஐ உண்டு, வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். கன்சல்டன்ட் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார், இதில் அவருக்குக் கமிஷன் இல்லையே. லோடுமேன்கள் கான்ட்ராக்டர் ஆட்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தால் அவர்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி மில்லுக்குள் போவோம். விரல் நசுங்கியதற்குக் காரணம் மேனுவல் இல்லாதது இல்லை. பெல்ட்டுக்கு மூடி இருந்திருக்காது, இல்லையென்றால் அடைப்பு எடுப்பதற்காகக் கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். ஒரு வெல்டரைக் கூப்பிட்டு, ஆள் கை எட்டுகிற ஒவ்வொரு பெல்ட்டுக்கும் புல்லிக்கும் ஷாஃப்ட் முனைக்கும் கம்பி வலைக் கூண்டு அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பூட்டு. அடைப்பு எடுக்க, பெல்ட் மாட்ட, கிரீஸ் வைக்க, எதற்காக மெஷினில் கை வைத்தாலும் மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைக் கை வைக்கிறவனே பையில் வைத்துக்கொள்ள வேண்டும், மேஸ்திரி பையில் இல்லை, உங்கள் மேசை டிராயரிலும் இல்லை. நம்ம ஊர் பழைய வயர்மேன்கள் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தது இதே கணக்குதான். மெஷின் பக்கம் லுங்கி, துண்டு, தொங்குகிற முந்தானை வேண்டாம்.

பாய்லர் இருந்தால் வருடாந்திரச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது என்று எடை தொங்கவிடுகிற ஆளை அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றுங்கள். உமிச் சாம்பல் மேலே ஆறின மாதிரி தெரியும், உள்ளே தணல் கிடக்கும், அந்தக் குழியைச் சுற்றி வேலி போடுங்கள்.

எழுத்து வேலை வேண்டாம் என்றுதான் இவ்வளவும் சொல்லி வருகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதியே ஆக வேண்டும், நெல் கொட்டி வைக்கும் பெரிய 'பின்' என்கிற தொட்டிக்குள்ளும் ஊறல் தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கும்போது. ஊறின நெல் புளித்தால் கரியமில வாயு வரும், காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. பின்னுக்குள் நெல் கட்டி நின்றிருக்கும்போது கீழே கன்வேயர் ஓடினால் நிற்கிறவன் இடுப்பு வரை போவதற்குள் இழுக்க முடியாமல் ஆகிவிடும். அதனால் ஒரு நோட்டில் தேதி, இறங்குகிறவர் பெயர், வெளியே நிற்கிறவர் பெயர், கன்வேயர் பூட்டியாச்சா, காற்று அடித்தாச்சா, வாயு மீட்டர் வைத்துப் பார்த்தாச்சா, இறங்குகிறவருக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் கயிறும் கட்டியாச்சா என்று எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்க வேண்டும். மீட்டர் இல்லையா, இறங்க வேண்டாம். உள்ளே கொண்டு போகிற விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. வெளியே நிற்கிறவன் டீ குடிக்கப் போகக்கூடாது, உள்ளே இருப்பவன் மயங்கினால் தானும் குதிக்கக்கூடாது. கயிற்றை இழுக்க வேண்டும், 101, 108-க்குச் சொல்ல வேண்டும். காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து போவதுதான் இந்த மாதிரி விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பிசானம் அறுப்பு வந்து மூடை குவிகிற நேரத்தில், "அஞ்சு நிமிஷச் சோலிதான், எறங்கிட்டு வந்துருதேன்" என்பான், அன்றைக்கும் விடாதீர்கள்.

பையன்களுக்குத் தமிழில் போர்டு எழுதிப் புண்ணியமில்லை. அவர்களில் விவரமான ஒருவனை வைத்து, காலை டீ நேரத்தில் பத்து நிமிஷம், அந்த மெஷின் முன்னாலேயே நிற்க வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். யாராவது தப்பிப் பிழைத்த கதை சொன்னால் திட்டாமல் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள்.

இன்ஸ்பெக்டர் பூட்டிவிடுவார் என்று கன்சல்டன்ட்தான் சொல்கிறார், இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. அவர் வந்தால் திறந்து கிடக்கிற பெல்ட்டைத்தான் பார்ப்பார், பார்க்க வேண்டும். படிவத்தையும் ரிஜிஸ்டரையும் நிரப்ப வைத்தே சின்ன முதலாளியைப் புரோக்கர் கையில் தள்ளிவிட்டது நம்ம அரசாங்க நடைமுறை, அதை என்ன சொல்ல. சந்தேகம் இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே நேராகப் போய்க் கேளுங்கள்.

பத்தாயிரத்துக்கு ரசீது கேளுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் சவத்தை விடுங்கள். ஆனால் வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதை மட்டும் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.