பஸ்ஸுக்கும் மலைக்கும் ஒரே பேன்ட் போதுமா?

கேள்வி: தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போய்வரும் ஆசிரியை நான். வயது 41. டிசம்பரில் தோழிகளோடு தேன்கனிக்கோட்டைப் பக்கம் அய்யூர் – சாமியேரி மலையேற்றத்துக்குப் போகிறோம். போன வருடம் தீர்த்தமலைக்கு ஜீன்ஸ் போட்டு ஏறி, தொடை உரசிப் புண்ணாகி மூன்று நாள் அவதிப்பட்டேன். லெக்கிங்ஸ் போட்டால் முள்ளில் கிழிகிறது. மலைக்கும் வெளியூருக்கும், குர்தியோடு அன்றாடம் உடுத்தவும் லேசான பேன்ட் ஒன்று வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஒரே பேன்ட் போதும். ஆனால் கடைக்குப் போனதும் துணியைத் தடவிப் பார்ப்பதில் ஆரம்பிக்காதீர்கள். ஓசூர் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சாம்பிள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பெண்களுக்கான பேன்ட் தோற்றுப்போவது பெரும்பாலும் துணியால் அல்ல, அதை வெட்டித் தைத்த விதத்தால்.

உங்கள் தொடைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். ஜீன்ஸைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து முட்டும். அந்த இடம் கட்டியாக, சிறு முடிச்சு போல இருக்கும். வியர்வையில் ஊறிய தடித்த பருத்தித் துணியோடு அந்த முடிச்சு ஒவ்வொரு படிக்கும் தோலை அறுத்துக்கொண்டே வரும். தீர்த்தமலைப் படிகளில் நடந்தது அதுதான். நல்ல மலையேற்ற பேன்ட்டில் அந்த இடத்தில் வைர வடிவத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். தையல்கள் ஒரே புள்ளியில் சேராமல் நான்கு பக்கமும் விலகிவிடும். காலை அகட்டி வைக்கவும் இடம் கிடைக்கும். வாங்கும்முன் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி இந்தத் துண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் ட்ரையல் ரூம். கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. முழுக்கக் குந்தி உட்காருங்கள். பின்னால் இடுப்புப் பட்டி கீழே இறங்கி முதுகு தெரிந்தால் அந்த பேன்ட் வேண்டாம். எழுந்து, டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏறுவது போல ஒரு காலை உயரத் தூக்குங்கள். முட்டியில் துணி இழுத்துப் பிடித்தால் மலையில் நூறாவது படியிலேயே கால் ஓய்ந்துவிடும். நம்மில் பலருக்கு இடுப்பு சிறுத்தும் சீட், அதாவது உட்காரும் பின்பகுதி, அகன்றும் இருக்கும். சீட்டுக்குச் சரியாக எடுத்தால் இடுப்பில் பின்பக்கம் வாயைப் பிளக்கும். அதனால் பின்னால் எலாஸ்டிக்கும் உள்ளே நாடாவும் உள்ளதைத் தேடுங்கள். தடித்த பெல்ட், பெரிய பட்டன் எல்லாம் முதுகுப்பையின் இடுப்பு வாருக்கு அடியில் அழுந்திப் பாடாய்ப் படுத்தும்.

இப்போது துணிக்கு வருவோம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நைலான் சுமார் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. நனைந்தாலும் பருத்தி இழை தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் காய நேரமாகும். அதற்காகப் பருத்தியைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போக அதைவிடச் சுகமான துணி கிடையாது. ஆனால் டிசம்பர் காலையில் அந்த மலைப்பக்கம் பனியில் நனைந்த புல்லுக்குள் நடந்தால், முட்டிவரை ஈரமான பருத்தி மதியம்வரை குளிரக் குளிர ஒட்டிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது நைலான். அதோடு ஐந்தாறு சதவீதம் எலாஸ்டேன், அதாவது ஸ்பான்டெக்ஸ் கலந்தது. உள்ளே தைத்த லேபிளில் இந்தக் கணக்கு அச்சிட்டிருக்கும். உரசலைத் தாங்குவதில் பாலியஸ்டரைவிட நைலான் கெட்டி. உன்னிச்செடியும் சீமைக்கருவேலமும் உள்ள நம் காட்டுக்கு அது வேண்டும். பாலியஸ்டர் விலை குறைவு, வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் வியர்வை வாடையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் பயணத்தில் அது தொல்லை. எடை என்றால் சதுர மீட்டருக்கு 120 முதல் 160 கிராம்வரை போதும். ஜீன்ஸ் துணி சாதாரணமாக 400 கிராம் வரும். லெக்கிங்ஸ் பின்னல் துணி என்பதால் முள் ஒரு கண்ணியைப் பிடித்தால் இழுத்துக்கொண்டே போகும். நெய்த துணியில் முள் குத்தினாலும் ஓட்டையோடு நின்றுவிடும். துணியில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால், கிழிசல் பரவாமல் இருக்க இடையிடையே கனத்த நூல் விட்டு நெய்தது என்று பொருள்.

காட்டில் கழிப்பறை இருக்காது என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கணுக்காலில் எலாஸ்டிக்கோ இழுத்துக் கட்டும் நாடாவோ இருந்தால், குந்தும்போது துணி தரையில் புரளாது. தொளதொளவென்ற அகலக் கால் பேன்ட் சேற்றையும் ஒட்டுப்புல்லையும் அள்ளிக்கொண்டு வரும். பேன்ட்டின் கால் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் உண்ணி ஏறுவதும் குறையும். நிறத்தில் கறுப்பு வேண்டாம், ஊர்ந்து வரும் உண்ணி கண்ணில் படாது. வெளிர் நிறமும் வேண்டாம், மாதவிடாய் நாளில் மனம் அதிலேயே நிற்கும். இலைப்பச்சை, சாம்பல், மண் நிறம் இவற்றில் நடுத்தர அடர்த்தியாக எடுங்கள். செம்மண் தூசியும் தெரியாது, எந்தக் குர்திக்கும் பொருந்தும்.

பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். மணிக்கட்டுவரை இறங்க வேண்டும். பெண்கள் பேன்ட்டில் பாதி உள்ளங்கையோடு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் போன் நழுவி சீட்டுக்கு அடியில் போய்விடும். ஒரு பக்கமாவது ஜிப் இருப்பது நல்லது. முட்டியருகே ஜிப் வைத்து, கீழ்ப்பகுதியைக் கழற்றும் மாடல் உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஜிப் முட்டியில் உரசும், அரைக்காலாக நீங்கள் போடப்போவதும் இல்லை.

நீளத்தை டெய்லரிடம் கொடுத்துக் குறைக்கும்போது உட்கார்ந்து அளவு கொடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு அங்குலம் மேலே ஏறும். கையில் ஏற்கனவே பிடித்த பேன்ட் ஒன்று இருந்து, அந்த வைரத் துண்டு மட்டும் இல்லையென்றால், அனுபவமுள்ள டெய்லர் தையலைப் பிரித்து ஒரு துண்டு வைத்துத் தந்துவிடுவார். புதிது வாங்கும் செலவு மிச்சம்.

துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, சாதாரண சோப்பில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் நைலான் நாளடைவில் பலமிழக்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைமேல் படலம் படிந்து வியர்வை உறிஞ்சாது. இஸ்திரி போடவே வேண்டாம். போட்டால் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு கைக்குட்டை விரித்து. அடுப்பு, குளிர் காயும் தீ இவற்றின் பக்கம் போகாதீர்கள். ஒரு பொறி பட்டாலும் நைலான் உருகித் தோலோடு ஒட்டும்.

நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். பத்து நாள் பள்ளிக்குப் போட்டுப் போங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தீர்த்தமலைக்கு மறுபடி ஏறுங்கள். எங்காவது உரசினால் திருத்த அப்போதும் நாள் இருக்கும்.