தங்க நானோ துகள்கள் கண்ணாடியில் ஒட்ட மறுத்தால்

கேள்வி: சிட்ரேட் முறையில் தங்க நானோ துகள்கள் தயாரித்தேன். கரைசல் நல்ல ஒயின் சிவப்பில் வந்தது. ஆனால் ஸ்லைடில் சொட்டு விட்டு உலர்த்தினால் ஓரத்தில் நீல வளையமாகத் தேங்குகிறது. தண்ணீர் பட்டதும் கழன்றுவிடுகிறது. சீரான படலம் பெறுவது எப்படி?

பதில்: ஒயின் சிவப்பு வந்துவிட்டதே, தயாரிப்பு சரியாகவே நடந்திருக்கிறது. ஒரு மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலம் (தங்கம் கொண்ட சேர்மம்) 20 மில்லி கொதிக்கும்போது ஒரு சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மில்லி சேர்த்தால், மஞ்சள் மறைந்து, கருநீலமாகி, பிறகு சிவக்கும். 1951இல் டர்கெவிச் குழு விரிவாக ஆராய்ந்த முறை இது.

சிக்கல் கண்ணாடியில்தான். சிட்ரேட் போர்த்திய துகளுக்கு எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம். தண்ணீரில் இருக்கும் கண்ணாடிப் பரப்புக்கும் அதேதான். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும்போது எப்படி ஒட்டும்? சொட்டு உலரும்போது நீரோட்டம் துகள்களை ஓரத்துக்குத் தள்ளுகிறது. அங்கே அவை நெருங்கித் திரள்வதால்தான் நீலம்.

எனவே கண்ணாடியின் மின்னூட்டத்தை மாற்றுங்கள். அதற்கு, கண்ணாடியில் பிணைந்து நேர் (பாசிட்டிவ்) மின்னூட்டம் தரும் அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்ஸிசிலேன் வேண்டும். ஸ்லைடை டிடர்ஜென்ட், தண்ணீர், எத்தனால் என்று வரிசையாகக் கழுவுங்கள். பிளாஸ்மாவால் பரப்பைச் சுத்தம் செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. எத்தனாலில் ஒரு சதவீத சிலேன் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கூடுதல் நேரம் விட்டால் சிலேன் தன்னோடு தானே பிணைந்து வெண்படலமாகும்.

அடுத்து வரும் அலசலில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். புதிய எத்தனாலில் மூன்று நான்கு முறை, முடிந்தால் சோனிகேட்டரில் (மீயொலி அதிர்வுத் தொட்டி) வைத்து அலசுங்கள். ஒட்டாத சிலேன் மிஞ்சியிருந்தால் அது கூழ்மத்தில், அதாவது உங்கள் தங்கத் துகள் கரைசலில், கரைந்து, சிவப்பு முழுவதையும் ஊதாவாகவும் நீலமாகவும் மாற்றிவிடும். அப்புறம் ஸ்லைடை 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம் வையுங்கள்.

ஆறியதும் ஸ்லைடைக் கூழ்மத்தில் செங்குத்தாக நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். எடுத்து அலசினால் கண்ணாடி முழுதும் மெல்லிய இளஞ்சிவப்பு நிற்கும், தண்ணீருக்குப் போகாது. நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். நிறமாலைமானியில் 520 நானோமீட்டர் அருகே ஒரே உச்சி வந்தால் துகள்கள் தனித்தனியே உள்ளன. 600க்கு மேல் இன்னொரு மேடு தெரிந்தால் திரண்டிருக்கின்றன.

துகள்கள் தங்களுக்குள்ளும் விலக்கிக்கொள்வதால் இது இடைவெளி விட்ட ஒற்றை அடுக்காகத்தான் இருக்கும். அடர்த்தி போதவில்லையென்றால், நேர் மின்னூட்டப் பாலிமர் கரைசலில் ஒரு முறை, கூழ்மத்தில் ஒரு முறை என்று மாற்றி மாற்றி முக்கி எடுங்கள். மின்சாரம் கடத்தும் தொடர்ச்சியான தங்கப் படலம் வேண்டுமானால் இந்த வழியே வேண்டாம், வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் வெற்றிட ஆவிப்படிவுதான் ஏற்றது.

கண்ணாடிக் கலன்களை ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவுவதாக இருந்தால் புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள். மிஞ்சியதை மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.