கடன் வாங்கி இத்தாலி போகலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 1.35 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 31,000, எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 20,000, வீட்டுச் செலவு 55,000 போக 29,000 மிஞ்சும். தீபாவளிக்கு 90,000 போனஸ் வரும். மகள் இந்த ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். மகனுக்கு 9 வயது. ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் பல வருட ஆசை. ஒரு டிராவல்ஸில் டிசம்பருக்கு 'பத்து நாள், பதினொரு ஊர்' என்று நாலு பேருக்கு 9.2 லட்சம் சொல்கிறார்கள். 20,000 டோக்கன் கட்டிவிட்டேன். அது போக, சுற்றுலாவுக்கென்று சேர்த்தது 3.8 லட்சம் வங்கியில் இருக்கிறது. மீதி 5.2 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் மூன்று வருடப் பர்சனல் லோன் வாங்கலாமா, அல்லது மகளின் கல்லூரிக்காக மியூச்சுவல் ஃபண்டில் வைத்திருக்கும் 9 லட்சத்திலிருந்து எடுக்கலாமா? பயண நிரலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: போய் வாருங்கள். ஆனால் இந்த டிசம்பரில் வேண்டாம், இந்த பேக்கேஜிலும் வேண்டாம். அடுத்த மே மாதம், கடனே இல்லாமல், மகள் பணத்தில் ஒரு ரூபாய் தொடாமல் போகலாம். உங்கள் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் லோன். 5.2 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் 36 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 17,770 ரூபாய். வட்டி மட்டும் 1.2 லட்சம் போகும். யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால், ரோமில் நாலு பேர் ஏழு இரவு தங்கும் செலவு அது. மாதம் மிஞ்சுகிற 29,000-ல் 11,000 சொச்சம்தான் கையில் நிற்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது காலம். டிசம்பரில் தொடங்கும் தவணை, மகள் கல்லூரியில் முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடம் போகும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஹாஸ்டல் கட்டணமும் டூர் தவணையும் ஒரே மாதத்தில் வந்து நிற்க வேண்டாம்.

மகளின் 9 லட்சத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணம் அது. அதில் பெரும்பகுதி பங்குச்சந்தையில் போடும் ஈக்விட்டி ஃபண்டில் இருந்தால், டூர் ஒரு பக்கம் இருக்கட்டும், இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பான ஃபண்டுக்கோ டெபாசிட்டுக்கோ மாற்றத் தொடங்குங்கள்.

இனி, நீங்கள் அனுப்பிய பயண நிரல். பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கொலோசியத்துக்கு எதிரே 'வெளித்தோற்றம்' என்று போட்டிருக்கிறது. அதாவது உள்ளே போவதில்லை. பீசாவில் 45 நிமிடம், ஃப்ளோரன்ஸில் மூன்று மணி நேரம், அதில் மதியச் சாப்பாடும் அடக்கம். உஃபிஸி ஓவியக்கூடம் நிரலிலேயே இல்லை. வெனிஸ் என்று போட்டிருக்கும் இரவுகள் எல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள மெஸ்த்ரேயில். ஃப்ளோரன்ஸ் என்று போட்டிருக்கும் இரவுகள் பக்கத்து ஊரான ப்ராத்தோவில். பதினொரு ஊரில் பாதி பேருந்து ஜன்னல் வழியாகத்தான் தெரியும். வயதானவர்கள் கூட வந்தால், சாப்பாட்டுக்கு நம் ஊர்ச் சமையல்தான் வேண்டும் என்றால், பேக்கேஜ் நல்ல ஏற்பாடு. உங்கள் வீட்டில் நாலு பேரும் நடக்கக்கூடியவர்கள்.

ப்ராத்தோவைப் பார்த்ததும் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. காரணம், உங்கள் மனைவி நடத்தும் பாடம். ப்ராத்தோவில்தான் 14-ஆம் நூற்றாண்டு வணிகர் பிரான்செஸ்கோ தாத்தீனியின் மாளிகை இருக்கிறது. 1410-ல் இறந்த அவர் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகங்களும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கடிதங்களும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் 'கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று எழுதுவாராம். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பிள்ளையார் சுழி போட்டு ஏடு தொடங்கிய மாதிரி. பேக்கேஜ் உங்களை அந்த ஊரில் தூங்க வைத்துவிட்டு, விடிந்ததும் பேருந்தில் ஏற்றிவிடும். கணக்குப்பதிவு முறையை விளக்கிய லூக்கா பசியோலியின் புத்தகம் 1494-ல் அச்சானது வெனிஸில். ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துவந்ததை எழுத்தில் முறையாக விளக்கினார். ஃப்ளோரின் என்ற தங்க நாணயத்தை 1252-ல் அடித்தது ஃப்ளோரன்ஸ். 1472-ல் தொடங்கி இன்றும் நடக்கிற வங்கி இருப்பது சியன்னாவில். பற்றும் வரவும் வருடக்கணக்கில் கரும்பலகையில் எழுதிய ஓர் ஆசிரியைக்கு இந்த ஊர்களில் சில மணி நேரம் எப்படிப் போதும்? ஊர்களைக் குறையுங்கள். நாட்களைக் குறைக்காதீர்கள்.

நான் சொல்லும் திட்டம் இது. ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புவது போல் விமான டிக்கெட். ரோமில் நாலு இரவு, ஃப்ளோரன்ஸில் நாலு, வெனிஸில் இரண்டு. சியன்னா, பீசா, ப்ராத்தோ மூன்றும் ஃப்ளோரன்ஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரம்தான். ப்ராத்தோவுக்கு ரயிலில் அரை மணி கூட ஆகாது. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கும் வேலை மிச்சம். ரயிலிலேயே போங்கள், வாடகைக் கார் வேண்டாம். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையத் தடை உண்டு, கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து, கார் கம்பெனி வழியாக அபராதம் வந்து சேரும்.

செலவுக்கு வருவோம். மே மாதம் இங்கே பள்ளி விடுமுறை என்பதால் விமான டிக்கெட் கொஞ்சம் கூடுதல்தான். ஆளுக்கு 72,000 வைத்து 2.88 லட்சம் போட்டிருக்கிறேன். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெரியவர்களுக்கும் 12 வயது ஆனவர்களுக்கும் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. ஆக உங்களுக்கு 315 யூரோ, சுமார் 33,000 ரூபாய். விசா மையத்தின் சேவைக் கட்டணம், பயணக் காப்பீடு இரண்டுக்கும் 20,000. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அது விசா விதி. தங்குவதற்கு இரவுக்கு 160 யூரோ வீதம் 1,600. அதற்கு மேல் ஊர் வரி என்று ஒன்று உண்டு. அறை வாடகையில் சேராமல் ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ. பத்து வயதுக்குக் கீழே இல்லை, அதற்குள் பத்து முடியாவிட்டால் மகன் தப்பினான். மூன்று ஊருக்கும் சேர்த்து 180 வைக்கலாம். சாப்பாட்டுக்கு நாளுக்கு 100 வீதம் பதினொரு நாளுக்கு 1,100. ஊர் விட்டு ஊர் ரயிலுக்கு 300. உள்ளூர்ப் பயணத்துக்கு 260. வெனிஸில் படகு ஒரு தடவைக்கு 9.50 யூரோ என்பதால் 48 மணி நேர பாஸ் 35 யூரோவுக்கு வாங்குங்கள், அதுவே நாலு பேருக்கு 140 ஆகிவிடும். நுழைவுக் கட்டணம் 300-க்குள் அடங்கும், ஏனென்றால் இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கொலோசியம் ஆளுக்கு 18 யூரோ, உங்கள் இருவருக்கும் மட்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை அன்றைக்குக் கையில் எடுத்துப் போக மறக்க வேண்டாம். வாடிகன் தனி நாடு, அங்கே பிள்ளைகளுக்கும் டிக்கெட் உண்டு.

அங்கே செலவாகும் 3,740 யூரோ 3.93 லட்சம் ரூபாய். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 7.35 லட்சம்.

இருக்கிற 3.8 லட்சத்தை, டிக்கெட்டுக்கும் யூரோவுக்கும் இடையில் எடுக்கும்படி டெபாசிட்டில் போடுங்கள். மாதம் 25,000-க்கு ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கினால் பதினொரு மாதத்தில் 2.75 லட்சம் சேரும். போனஸ் 90,000. வட்டியும் சேர்ந்து ஏழரை லட்சத்தைத் தாண்டிவிடும். மேற்கொண்டு இருப்பதைக் கைக்காவலாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு காய்ச்சலுக்கோ தொலைந்துபோன பெட்டிக்கோ ஆகும். பதினொரு மாதம் மிச்சம் 4,000 ரூபாயில்தான் ஓட வேண்டும், அது உண்மை. அந்த வருடம் புது பைக், புது டிவி எதுவும் கிடையாது என்று வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம்.

வரி விஷயம் ஒன்று. டூர் பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். நீங்களே டிக்கெட் எடுத்து, ஹோட்டல் போட்டு, யூரோ வாங்கினால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ். இல்லை (2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு இது). பிடித்த பணம் போய்விடாது, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடப்பது உங்கள் பணம்தானே.

யூரோவை ஒரே நாளில் வாங்காதீர்கள். 2025 தொடக்கத்தில் 90 ரூபாய் அளவில் இருந்த யூரோ அந்த வருடமே 100-ஐத் தாண்டியது. வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் ஜனவரி முதல் நாலு தவணையாக ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கி 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். கடையில் கார்டு மெஷினை உங்கள் பக்கம் திருப்புவார்கள், அது 'ரூபாயிலா, யூரோவிலா?' என்று கேட்கும். எப்போதும் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார். வசதி போலத் தெரியும், நூறு யூரோவுக்குப் பல நூறு ரூபாய் போய்விடும்.

இன்னும் சில இடத்தில் பணம் நிற்கும். காபியை இத்தாலியர்கள் மாதிரி கவுன்டரில் நின்று குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலையே வேறு. உணவகத்தில் பில்லின் அடியில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ வரும். ஏமாற்றவில்லை, அங்கே வழக்கம் அது. மெனுவிலேயே போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு உட்காருங்கள். ரோம் தெருக்களில் குழாய்த் தண்ணீர் நாளெல்லாம் ஓடும், குடிக்கிற தண்ணீர், நாலு பாட்டில் எடுத்துப் போங்கள். வெனிஸில் கோண்டோலாவுக்குப் பகல் கட்டணம் 90 யூரோ. ஆளுக்கல்ல, படகுக்கு. அரை மணி நேரம். மகன் கேட்டால் போகலாம். மகளும் மனைவியும் அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் ட்ரகெத்தோ என்ற படகு இரண்டே யூரோதான், அதுவும் கோண்டோலா மாதிரியேதான் இருக்கும். பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் வெனிஸ் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, அதற்கும் இணையத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

தேதி: ஏப்ரல் 25-ம் மே 1-ம் இத்தாலியில் விடுமுறை. கூட்டமும் வாடகையும் ஏறும். மே 5-க்கு மேல் கிளம்புங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஜனவரி கடைசியில் போடுங்கள். கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்தால் விசா அதிகாரி சந்தேகப்படுவார். மாதா மாதம் சம்பளமும் சேமிப்பும் தெரிகிற கணக்குப் புத்தகம் உங்களுக்காகப் பேசும். விசா வரும்வரை ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு மட்டும் பதிவு செய்யுங்கள். அதிவேக ரயில் டிக்கெட்டை விசா வந்த அன்றே எடுங்கள், முன்கூட்டி எடுத்தால் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு.

டோக்கன் 20,000 மனதை உறுத்தும், தெரியும். ரசீதின் பின்பக்கம் ரத்து விதிகளைப் படித்துவிட்டு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலாக இருக்கட்டும். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒன்றுமே வராவிட்டாலும் நஷ்டம் 20,000. லோன் வட்டியில் அது ஆறில் ஒரு பங்கு. ஆர்.டி.யைச் சம்பளம் வந்த மறுநாளில் பிடிக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.