விசிலுக்கு முன்னால்: சிறுவர் விளையாட்டு நிர்வாகம், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 12 வயதுக்குட்பட்டோருக்கான எங்கள் கால்பந்து லீகில் 9 அணிகள். மைதானம் ஒன்றுதான், அதுவும் சனிக்கிழமை காலையில் 4 மணி நேரம் மட்டும். பத்து வாரத்தில் முடித்தாக வேண்டும். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். பாதிக்கு 25 நிமிடம் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. நாக்-அவுட்டாக மாற்றிவிடலாமா?
— லீக் செயலாளர் ஒருவர்

மாற்றாதீர்கள். 9 அணிகளை நாக்-அவுட்டில் விட்டால் மொத்தமே 8 ஆட்டம். அதில் நாலைந்து அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். பல வாரம் பயிற்சி எடுத்த பிள்ளைக்கு அது நியாயமே இல்லை.

லீக் முறையில் 36 ஆட்டம். வாரத்துக்கு 4 வீதம் 9 வாரம். உங்களுக்கு இடிக்கிற இடம் நேரம். 25 நிமிடப் பாதிகள், நடுவில் 5 நிமிடம் இடைவேளை என்றால் ஓர் ஆட்டம் 55 நிமிடம். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே 15 நிமிடம் விட்டால் நாலு ஆட்டத்துக்கு 265 நிமிடம் ஆகிறது. உங்கள் கையில் இருப்பது 240. பாதியை 20 நிமிடமாகக் குறையுங்கள். நாலு ஆட்டத்துக்கு 180, மூன்று இடைவெளிக்கு 45, ஆக 225 நிமிடம். மிச்சமுள்ள 15 நிமிடம் கோல் கம்பம் நிறுத்தவும் கொடி நடவும் போய்விடும்.

இடைவெளியை மட்டும் 5 நிமிடமாகச் சுருக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓர் அணி வெளியேறி, அடுத்தது உள்ளே வந்து, ரெஃப்ரி தண்ணீர் குடித்து, ஸ்கோர் தாளில் இரண்டு கோச்சும் கையெழுத்துப் போட எப்படியும் 15 நிமிடம் ஓடிவிடும். காகிதத்தில் 5 என்று எழுதினால் நாலாவது ஆட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போகும். திட்டு வாங்குவது கடைசியில் ஆட வந்தவர்கள்.

அட்டவணைக்கு மென்பொருள் தேவையில்லை. மேல் வரிசையில் 'ஓய்வு', 1, 2, 3, 4 என்றும், அதற்கு நேர் கீழே 9, 8, 7, 6, 5 என்றும் எழுதுங்கள். மேலும் கீழுமாக இருப்பவர்கள் முதல் வாரம் மோதுவார்கள்: 1–8, 2–7, 3–6, 4–5. 9-க்கு ஓய்வு. அடுத்த வாரத்துக்கு 'ஓய்வு' என்பதை அசைக்காமல், மற்ற எண்களைக் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்த்துங்கள். 9 மேலே ஏறும், 4 கீழே இறங்கும்: 9–7, 1–6, 2–5, 3–4, 8-க்கு ஓய்வு. இப்படியே ஒன்பது வாரம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. ஆட்டம் நடக்கும் நாலு நெடுக்கு வரிசைக்கும் ஆளுக்கொரு நேரத்தைக் கடைசிவரை நிலையாக ஒதுக்கிவிட்டால், ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு நேரமும் சரியாக இரண்டு முறை வரும். "எங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் விடியற்காலை ஆட்டம்?" என்ற சண்டைக்கே இடமிருக்காது. ஒரே கோச் இரண்டு அணியைப் பார்க்கிறார் என்றால் அந்த அணிகளுக்கு அடுத்தடுத்த எண் கொடுங்கள். வரிசை நேரங்களை இடமிருந்து வலமாக வைத்தால் அவருடைய ஆட்டங்களும் அடுத்தடுத்தே வரும்.

பத்தாவது வாரத்தை மழைக்கென்று காலியாக வைத்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை நின்றுபோனால் அந்த நாலு ஆட்டத்தை மட்டும் அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். மொத்த அட்டவணையையும் ஒரு வாரம் தள்ளினால் ரெஃப்ரி, தன்னார்வலர், வெளியூர்ப் பயணம் போட்ட குடும்பம் என எல்லோருடைய ஏற்பாடும் குலையும்.

இன்னொன்று. நடுவில் ஓர் அணி விலகினால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். தன் ஆட்டங்களில் பாதியைக்கூட ஆடாமல் விலகினால் அந்த அணியின் முடிவுகள் எல்லாம் ரத்து. அதற்குப் பிறகு விலகினால் மிச்ச ஆட்டங்களில் எதிரணிக்கு வாக்கோவர், அதாவது ஆடாமலே வெற்றி. இந்த விதி நியாயமாகவே வேலை செய்யும். விலகிய பிறகு விதி எழுத உட்கார்ந்தால் எந்த முடிவும் யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும்.

கேள்வி: வயது வரம்புத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் பிறந்த சிறுவனைக் கீழ்ப் பிரிவில் சேர்க்கச் சொல்லி அவனுடைய அப்பா கேட்கிறார். மூன்று நாள்தானே?

சேர்க்க வேண்டாம். இன்றைக்கு மூன்று நாள் என்றால், அடுத்து பத்து நாள்காரர் வருவார். அவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது.

ஆனால் அந்தத் தகப்பனின் கவலை வெறும் பிடிவாதம் இல்லை. ஒரே பிரிவில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் இருக்கும். பத்து வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் பளிச்சென்று தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளர்களும் 1985-ல் இதை எடுத்துக்காட்டினார்கள்: ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மேல்மட்ட அணிகளில் அளவுக்கு மீறி இருந்தார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1-லிருந்து தொடங்கியதே காரணம். அதனால் தேதியை வளைக்காமல், அணி பிரிக்கும்போது பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஒரே அணியில் மூத்தவர்கள் எல்லாரும் குவியாமல் கலந்து போடுங்கள். தேர்வு நாளில் கோச்சின் கையில் உள்ள பட்டியலிலேயே பிறந்த மாதம் இருக்கட்டும்.

வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில், மூலத்தைப் பார்த்து, பதிவேட்டில் "மூலம் பார்க்கப்பட்டது" என்று தேதியோடு கையெழுத்திட்டால் போதும். குழந்தைகளின் சான்றிதழ் படங்கள் அஞ்சாறு பேரின் கைபேசியில் கிடப்பது நல்லதல்ல.

கேள்வி: போன வருடம் கட்டணம் வசூலித்தும் கையைக் கடித்தது. எங்கே தவறு?
— பொருளாளர்

பெரும்பாலும் வகுத்த எண்ணில். மைதான வாடகை, ரெஃப்ரி சம்பளம் இவையெல்லாம் நிலைச்செலவு; எத்தனை பிள்ளைகள் வந்தாலும் மாறாது. 60 பேர் வருவார்கள் என்று வகுத்து 48 பேர் சேர்ந்தால் நிலைச்செலவில் ஐந்தில் ஒரு பங்கு வசூலாகாமல் நிற்கும். நிச்சயமாக வருகிற குறைந்த எண்ணிக்கையால் வகுங்கள். தலைக்கு இவ்வளவு என்று ஆகிற ஜெர்சி, பதக்கம் முதலியவற்றை அதன் மேல் கூட்டுங்கள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கான சலுகையையும் முன்பே கணக்கில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் கருணை காட்டப் பணம் இருக்காது.

ஜெர்சியைப் பதிவு முடிந்த பிறகே ஆர்டர் செய்யுங்கள். முதுகில் எண் மட்டும் போதும்; பெயர் அச்சடித்தால் விலகிய பிள்ளையின் சட்டை வேறு யாருக்கும் உதவாது.

ரொக்கம் வாங்கினால் வரிசை எண்ணிட்ட ரசீது கொடுத்து, முழுத் தொகையையும் வங்கியில் போடுங்கள். வசூல் பணத்திலிருந்தே பந்து வாங்குவது, தண்ணீர் கேன் வாங்குவது கூடாது. மாதக் கடைசியில் ரசீதுப் புத்தகமும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாமல் நேர்மையான ஆள்கூடச் சந்தேகத்துக்கு ஆளாவது இந்த வழியில்தான். வசூலிப்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.

கேள்வி: பதிவுப் படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும்? அடிபட்டால் யார் பொறுப்பு என்று எல்லோரும் பயப்படுகிறார்கள்.

இரண்டு பெரியவர்களின் தொலைபேசி எண்கள், ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, தற்போது எடுக்கும் மருந்து, அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம், பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களின் பெயர். புகைப்படச் சம்மதம் தனி வரியாக, தனிக் கையெழுத்தோடு இருக்கட்டும். விளையாட்டில் சேர்ப்பதற்கு அது நிபந்தனை ஆகக் கூடாது.

எத்தனையோ இடங்களில் படிவம் ஒழுங்காக நிரப்பப்பட்டு அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பிள்ளைக்கு மூச்சு வாங்குவது மைதானத்தில். ஓர் அணிக்கு ஒரு கோப்பு, முதலுதவிப் பெட்டியோடு, கோச்சின் கையில் இருக்க வேண்டும். சீசன் முடிந்ததும் திரும்ப வாங்கி அழித்துவிடுங்கள்.

கீழே உள்ளவற்றில் மட்டும் யார் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்:

- நகர்த்தும் கோல் கம்பத்தைத் தரையோடு பிணைக்காமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. குறுக்குக் கம்பியில் தொங்கிய பிள்ளைகள் மேல் கம்பம் சரிந்து உயிரே போயிருக்கிறது. வலை கட்டியதும் ஒருவர் ஆட்டிப் பார்த்துப் பட்டியலில் கையெழுத்திடட்டும்.
- தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்ப இறங்கக் கூடாது, அவனே "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும். மருத்துவர் பார்த்த பிறகே மறுபடி ஆட்டம்.
- இடி கேட்டால் நிறுத்தி, கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து தொடங்கும்.
- ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்து இருக்கும்படி எந்த ஏற்பாடும் கூடாது. உடைமாற்றும் அறை, பயண வண்டி, தனிச் செய்தி எதுவானாலும் சரி.

அடிபட்டால் அன்றே அறிக்கை எழுதுங்கள்: நேரம், இடம், கண்ணால் கண்டது, செய்த முதலுதவி, எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள். "கவனக்குறைவால் விழுந்தான்" என்பது அபிப்பிராயம். "பந்தை நோக்கி ஓடுகையில் இன்னொருவர் காலில் தட்டி இடது தோள் தரையில் படும்படி விழுந்தான்" என்று எழுதினால்தான் மருத்துவருக்கும் காப்பீட்டுக்கும் உதவும்.

கேள்வி: வருகிறேன் என்ற தன்னார்வலர்கள் வருவதில்லை.

"எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று குழுவில் செய்தி போட்டால் யாரும் வரமாட்டார்கள். வேலையை இரண்டு மணி நேரத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் போட்டு, அவரை நேரில் கேளுங்கள். "ஸ்கோர் தாள், 8 முதல் 10 வரை, நீங்கள் முடியுமா?" என்று கேட்டால் முடியும் அல்லது முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். வியாழக்கிழமை ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வெள்ளி இரவு அனுப்பினால் மாற்று ஆள் பிடிக்க நேரம் இருக்காது.